அண்ணி இறங்கிய மாடி

என் அண்ணி பகலெல்லாம் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பாள். ஆனால் ஓரிடத்துக்கும் போய்ச் சேரமாட்டாள். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் லிஃப்ட் ஓட்டுவது அவள் வேலை. ஸ்ட்ரெச்சர் நுழைகிற மாதிரி அகலமான லிஃப்ட். மூலையில் உயரமான ஸ்டூல், பக்கத்தில் பொத்தான் பலகை, தலைக்கு மேல் ஓயாமல் முனகும் சின்ன ஃபேன். உள்ளே வருகிறவர்களைப் பார்த்து "எந்த மாடி?" என்று கேட்பாள். சொன்ன மாடியை அழுத்துவாள். அவர்கள் இறங்கிப் போவார்கள். அவள் இறங்கமாட்டாள்.

அந்த வேலைக்கு இரண்டு சட்டம் உண்டு. கடைசி ஆள் இறங்கும்வரை ஓட்டுகிறவர் இறங்கக் கூடாது. எங்கிருந்தாவது மணி அடித்தால் லிஃப்ட்டை விட்டு நகரவே கூடாது. ஆஸ்பத்திரியில் மணி அடிக்காத நேரம் ஏது? அதனால் ஒவ்வொரு மாடியும் கதவு திறக்கிற அகலத்துக்குத்தான் அண்ணிக்குத் தெரியும். இரண்டாவது மாடி என்றால் எடை பார்க்கும் மெஷின். மூன்றாவது என்றால் சுவர்க் கடிகாரம். நான்காவது என்றால் பாதி நீல பெஞ்சு, அதற்கப்பால் ஒரு திருப்பம். அந்தத் திருப்பத்திலிருந்து எப்போதும் வெளிச்சம் வந்துகொண்டிருக்கும். பெஞ்சின் மறு பாதியை அவள் பார்த்ததில்லை.

"ஷிஃப்ட் முடிஞ்சதும் ஒரு நாள் போய்ப் பாத்துட்டு வரவேண்டியதுதானே" என்று கேட்டேன்.

"அங்க எனக்கு யாருடி இருக்கா?" என்றாள்.

எனக்கு இந்த மாதிரிப் பதிலைக் கேட்டால் எரிச்சல் வரும். எங்கள் வீட்டில் கோபத்தை மொத்தமாக நான் குத்தகைக்கு எடுத்துவிட்டேன் என்று அண்ணன் சொல்வான். அவன் கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிக்கிறவன், வாயில்லாப் பூச்சி. அண்ணி அதற்கும் மேலே. ஆக, மூன்று பேருக்கும் சேர்த்து நானே பேச வேண்டியிருந்தது. நான் அதே ஆஸ்பத்திரிக்கு எதிர்வாடையில் ஒரு ஜெராக்ஸ் கடையில் மெஷின் பக்கம் நிற்கிறேன். காலையில் நானும் அண்ணியும் ஒரே குடையில் கிளம்புவோம், சாலையைக் கடந்து அவளை வாசலில் விட்டுவிட்டு நான் திரும்பி வந்து கடை ஷட்டரைத் தூக்குவேன்.

அண்ணிக்கு ஓர் ஆசை இருந்தது. பெரிய ஆசை இல்லை. "எனக்கு ஒரு மேஜை வேணும்டி. ஒரு நாற்காலி. உட்கார்ந்தா உட்கார்ந்த எடத்துலயே இருக்கணும்" என்பாள். படுத்தால் கட்டில் மெல்ல மேலே போகிற மாதிரி இருக்கிறதாம். கண்ணை மூடினால் கை பொத்தானைத் தேடுகிறதாம். அது நிரந்தர வேலையும் இல்லை. ஒப்பந்தக்காரர் நினைத்தால் நாளைக்கே வேறு ஆளை உட்கார வைத்துவிடலாம். அதனால் அரசாங்க ஆபீஸ் வேலைக்கான பரீட்சையை வருஷா வருஷம் எழுதிக்கொண்டிருந்தாள். கணக்கு, பொது அறிவு எல்லாம் கரைத்துக் குடித்தவள். இங்கிலீஷ் மட்டும் ஒவ்வொரு முறையும் காலை வாரியது. அதிலும் ஒரே இடம்தான். எழுவாய்க்குப் பொருத்தமான வினையைப் போடுகிற பகுதி.

நான் கதை சொல்லும் அந்த வருஷத்தோடு அவளுக்கு வயது வரம்பு முடிந்தது. இந்த முறை விட்டால் அப்புறம் விண்ணப்பமே வாங்கமாட்டார்கள்.

கோச்சிங் சென்டர் வாத்தியார் கைவிரித்துவிட்டார். "எழுவாய் ஒருமைன்னா வினையும் ஒருமை, எழுவாய் பன்மைன்னா வினையும் பன்மை. இவ்வளவுதானேம்மா. இதுல என்ன கஷ்டம்?" என்பார். சொல்லிவிட்டு, கஷ்டத்தையெல்லாம் ஒரு மூட்டையாகக் கட்டி நம் தலையில் வைப்பார். விதி, அந்த விதிக்கு விலக்கு, விலக்குக்கு இன்னொரு விலக்கு.

எனக்கு அந்த மொழியின் மேலேயே வருத்தம் உண்டு. நம் வினைச்சொல் ஆளைத் தன் வாலிலேயே கட்டிக்கொண்டு வரும். வந்தான் என்றால் அவன், வந்தாள் என்றால் அவள், வந்தார்கள் என்றால் வாசலில் செருப்பு நிறையக் கிடக்கிறது என்று அர்த்தம். இங்கிலீஷ்காரனிடம் இருப்பது எஸ் என்கிற ஒரே ஓர் எழுத்து. ஆள் பலராக இருந்தால் ஆள் அதை எடுத்துக்கொள்கிறார், வினை வெறுங்கையோடு போகிறது. ஆள் ஒருவராக இருந்தால் வினைக்குக் கொடுத்துவிடுகிறார். எங்கள் வீட்டுக் குடை மாதிரிதான்.

"அப்போ குடை யார்கிட்ட இருக்குன்னு பாத்தா போதும்ல?" என்றாள் அண்ணி.

"ஆமா. நீங்க எடுத்துட்டுப் போனா நான் நனையணும்."

இந்த அளவுக்கு அவள் நன்றாகவே போடுவாள். வாக்கியம் நீளும்போதுதான் தும்பை விட்டு வாலைப் பிடிப்பாள். 'புத்தகங்கள் நிறைந்த பெட்டி' என்று வந்தால் இங்கிலீஷில் பெட்டி முதலில் வந்துவிடும், புத்தகங்கள் பின்னால் வந்து வினையின் பக்கத்தில் நின்றுகொள்ளும். அண்ணி பக்கத்தில் நிற்பதைப் பார்த்துப் பன்மை போட்டுவிட்டு வருவாள். ஒவ்வொரு வருஷமும் ஏதோ ஒரு பெட்டி, ஏதோ ஒரு கூடை, ஏதோ ஒரு சாவிக்கொத்து அவள் வேலையைத் தின்றது.

பிறகு அந்தக் கனவு வந்தது.

மத்தியானம் டாக்டர்கள் சாப்பிடப் போயிருந்த நேரம். ஃபேன் முனகுகிறது, எந்த மாடியிலும் மணி இல்லை. ஸ்டூலில் உட்கார்ந்தபடியே அண்ணி கண்ணயர்ந்திருக்கிறாள். கனவில் கதவு திறந்து ஒரு மரப்பெட்டி தானாக நகர்ந்து உள்ளே வந்ததாம். "அஞ்சு" என்றதாம். அழுத்தினாளாம். நடு வழியில் கதவு திறந்து புத்தகங்கள் கும்பலாக ஏறின. நீலம், பச்சை, அட்டை கிழிந்தது, எல்லாம் அவள் காதருகே வந்து நின்றுகொண்டு ஒரே சத்தம். பெட்டி ஓரமாக, ஒன்றும் பேசாமல் நின்றதாம். லிஃப்ட் எங்கே போகிறது என்று அவளுக்கே சந்தேகம் வந்து, பலகையைப் பார்த்திருக்கிறாள். அஞ்சு மட்டும்தான் எரிந்துகொண்டிருந்தது.

"நடுவுல ஏறினவங்க சத்தம் போடலாம், லிஃப்ட்டைக் கூப்பிட்டது யாருன்னு பாக்கணும்" என்று அன்று சாயங்காலம் குடையை விரித்தபடியே சொன்னாள். முகத்தில் கனவு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது, கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. எனக்குப் படிப்பு ஏறாது. ஏறினாலும் அடுத்த மாடியிலேயே இறங்கிவிடும். அண்ணி என்னவோ எல்லா வாக்கியத்தையும் தன் லிஃப்ட்டுக்குள் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு சாப்பாட்டு வேளையில் டிபன் பாக்ஸோடு நான் லிஃப்ட்டுக்குள் போய்விடுவேன். கடையில் வீணாகப் போன தாள்களில் பழைய வினாத்தாள்கள் கிடைக்கும். அதை வைத்துக்கொண்டு நான் கேட்பேன், அவள் ஓட்டிக்கொண்டே பதில் சொல்வாள். எந்த மாடி என்று யாராவது என்னைக் கேட்டால், "நான் எறங்க மாட்டேன், நான் இந்த வீட்டுப் பொண்ணு" என்பேன்.

ஒரு நாள் பெரிய டாக்டர் ஏறினார். பின்னால் பயிற்சி டாக்டர்கள் வரிசையாக ஏறினார்கள். அவர் "மூணு" என்றார். மற்றவர்கள் வாயே திறக்கவில்லை. அவர் இறங்கினார், எல்லாரும் இறங்கினார்கள். கதவு மூடியதும் அண்ணி என் கையைப் பிடித்தாள்.

"அவரோட சேர்ந்து, அவரோட கூட, இப்படியெல்லாம் வாக்கியத்துல வருதுல்ல. அதெல்லாம் இவங்கதான். எத்தனை பேர் வந்தாலும் மாடி அவரு சொன்னதுதான்."

"கூட்டத்தோட கோவிந்தா" என்றேன்.

"அதேதான். ஆனா புருஷனும் பொண்டாட்டியும் ஏறினா அப்படியில்ல. ரெண்டு பேரும் சமம். ஆளுக்கொரு மாடி சொல்லுவாங்க. அது பன்மை."

அவள் நகர மறுத்தது ஒரே ஓர் இடத்தில். எவ்ரிஒன் என்று ஒரு சொல் இருக்கிறது. எல்லாரும் என்று அர்த்தம். ஆனால் வினை ஒருமையில் வர வேண்டும். "எல்லாரும்னா கூட்டம்டி. கூட்டம் எப்படி ஒருமையாகும்?" என்று அண்ணி பிடிவாதம் பிடித்தாள். வாத்தியார் விதி என்றார். நானும் விதி என்றேன். விதியே என்று மனப்பாடம் செய்துவிட்டுப் போகலாம்தான். அவளால் முடியவில்லை. கண்ணால் பார்க்காத மாடியில் ஆளை இறக்கிவிட மாட்டேன் என்கிற மாதிரி நின்றாள்.

பார்வையாளர் நேரம் ஒன்றில் அதுவும் தீர்ந்தது. லிஃப்ட் பிதுங்க ஆட்கள். ஃப்ளாஸ்க்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்ட ஒருவர், எக்ஸ்ரே உறையைக் கையில் வைத்திருந்த ஒரு பெண், தொப்பியைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டிருந்த ஒரு டிரைவர். தோளும் தோளும் இடித்துக்கொண்டு நின்றார்கள். ஒருவரும் ஒருவரைப் பார்க்கவில்லை. கதவுக்கு மேலே மாறிக்கொண்டிருந்த எண்ணையே எல்லாக் கண்களும் பார்த்துக்கொண்டிருந்தன. அவரவருக்கு அவரவர் மாடியில் ஒரு கட்டில், அந்தக் கட்டிலில் ஒரு முகம். நானும் அண்ணாந்து பார்த்தேன். எனக்கு அங்கே யாரும் இல்லை, ஆனாலும் அந்த எண்ணைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

எல்லாரும் இறங்கிய பிறகு அண்ணி மெதுவாகச் சொன்னாள். "ஆமா. ஒத்தை ஒத்தையாத்தான் இருக்காங்க."

பரீட்சைக்கு முந்தின நாள் அண்ணன் அவள் செருப்புக்கு வார் தைத்து வந்து வைத்தான். அது அவனுடைய வாழ்த்துரை.

பரீட்சை ஒரு பழைய கல்லூரியில். வாசல்வரை நான் போனேன், அதற்கு மேல் விடவில்லை. "நடுவுல ஏறுறவங்களைப் பாக்காதீங்க, மொதல்ல ஏறினவங்களைப் பாருங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டு எதிரே ஒரு மரத்தடியில் நின்றேன். உள்ளே நடந்தது அன்று ராத்திரி சாப்பிடும்போது அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். சொல்லும்போது இன்னொருத்தியின் கனவைச் சொல்வது போலச் சொன்னாள்.

அவள் ஹால் ஐந்தாவது மாடி. கையில் வேண்டிய அளவு நேரம் இருந்தது. கீழே ஒரு பழைய லிஃப்ட், கையால் இழுத்துச் சாத்துகிற கம்பிக் கதவு, உள்ளே பித்தளைப் பொத்தான்கள். பரீட்சை எழுத வந்தவர்கள் முண்டியடித்து ஏறினார்கள். அவளும் ஏறினாள். மனசு முழுக்க வாக்கியங்கள். பெட்டியும் சாவிக்கொத்தும் பெரிய டாக்டரும் உள்ளே போய்வந்துகொண்டிருந்தார்கள். கை தன்பாட்டுக்குக் கம்பிக் கதவை இழுத்தது. வாய் தன்பாட்டுக்கு "எந்த மாடி?" என்று கேட்டது. மூணு என்றார்கள், நாலு என்றார்கள், அஞ்சு என்றார்கள். அழுத்தினாள். ஐந்தாவது மாடியில் கடைசி ஆளும் இறங்கியதும் கீழேயிருந்து மணி அடித்தது.

கதவைச் சாத்திக்கொண்டு கீழே போய்விட்டாள்.

இதைக் கேட்டபோது எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி. பரீட்சை எழுதப் போனவள், பரீட்சைக்கு வந்தவர்களையெல்லாம் மேலே ஏற்றிவிட்டுக்கொண்டிருக்கிறாள். அவர்களும் இவளைக் கல்லூரி ஆள் என்றே நினைத்திருக்கிறார்கள். ஒருவன் பேனாவுக்கு மை இருக்கிறதா என்று கேட்டானாம். ஒருத்தி தண்ணீர்க் குழாய் எங்கே என்று கேட்டாளாம். மேலே போனாள், கீழே வந்தாள், மறுபடி மேலே போனாள். மணி அடித்தால் போக வேண்டும். அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்தது. தான் எதற்கு வந்தோம் என்பது ஏதோ ஒரு மாடியில் இறங்கிப் போய்விட்டிருந்தது.

கூட்டம் கரைந்துவிட்டது. கடைசியாக ஒருத்தி மட்டும் மூச்சிரைக்க ஓடி வந்தாள். நிறைமாதம். ஹால் டிக்கெட்டைப் பல்லில் கடித்துக்கொண்டு, ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். அவசரத்தில் இவளையும் தள்ளிக்கொண்டு பலகைப் பக்கம் போய், தானே ஐந்தை அழுத்தினாள். ஹால் டிக்கெட்டை வாயிலிருந்து எடுத்தாள். பிறகு, லிஃப்ட்டில் யாரும் யாரையும் கேட்பது மாதிரி, திரும்பிக் கேட்டாள்.

"உங்களுக்கு எந்த மாடி?"

அண்ணிக்குக் கேள்வி புரியவே இல்லையாம். அத்தனை வருஷத்தில் ஆயிரம் பேரைக் கேட்ட கேள்வி அது. அவளை யாரும் கேட்டதில்லை.

"எனக்கா?"

"உங்களுக்குத்தான். நீங்களும் எழுதத்தானே வந்திருக்கீங்க?" அவள் அண்ணியின் இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணியும் பார்த்தாள். வியர்வையில் நனைந்து கசங்கிய ஹால் டிக்கெட் அந்தக் கையில் இருந்தது.

"அஞ்சு" என்றாள் அண்ணி. தன் குரல் தனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது என்று சொன்னாள்.

ஐந்தாவது மாடியில் அந்தப் பெண் இறங்கி வேகமாக நடந்தாள். தாழ்வாரத்தின் கடைசியில் ஹால் கதவை ஒருவர் சாத்திக்கொண்டிருந்தார். அண்ணி ஒரு காலை வெளியே வைத்தாள். அந்த நேரம் பார்த்து உள்ளே மணி அடித்தது.

இங்கேதான் அவள் சொல்லுவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் அவள் கையைப் பிடித்து உலுக்கினேன்.

"எறங்கிட்டேன்டி" என்றாள். "எறங்கி, திரும்பி, கதவை இழுத்துச் சாத்தினேன். அது தானா கீழ போச்சு. நான் இல்லாம லிஃப்ட் போறதை அப்பத்தான் வெளியில நின்னு பாத்தேன். கயிறு மட்டும் ஆடிக்கிட்டே இருந்துச்சு."

நிறைமாதக்காரி ஹால் வாசலில் நின்றுகொண்டு, "இன்னொருத்தங்க வராங்க சார்" என்று கதவைப் பிடித்திருந்தாளாம். இரண்டு பேரும் உள்ளே போன பிறகு கதவு மூடியது.

நான் அவளைத் திட்டித் தீர்த்தேன். திட்டி முடித்ததும் அழுதேன். எதற்கு என்று கேட்டால், அந்தக் கேள்வியை அவளிடம் நாங்களும்தான் கேட்டதில்லை. அண்ணனும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. காலையில் எழுந்தால் சமையல், பிறகு குடை, பிறகு லிஃப்ட். எங்கள் மணிக்கெல்லாம் அவள் வந்துகொண்டே இருந்தாள். அவள் எதற்கு அழுகிறாய் என்று கேட்கவில்லை. என் தட்டில் இன்னும் கொஞ்சம் போட்டாள்.

முடிவு வெளியான அன்று அண்ணன் சாரத்தின் மேல் நின்று சுவரில் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தான். நான் போனில் சொன்னதும் "சரி" என்றான். பிறகு, "அந்த மேஜைக்கு நான் பாலிஷ் போட்டுத் தரலாமா, விடுவாங்களா?" என்று கேட்டான்.

ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கடைசி நாள். சாயங்காலம் நான் போனபோது அண்ணி ஸ்டூலைத் துணியால் துடைத்து, புதிதாக வந்த பெண்ணிடம் சாவியைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் ஸ்டூலில் ஏறி உட்கார்ந்தாள். நாங்கள் வெளியே வந்தோம். நான் குடையை விரிக்கப் போனேன். அண்ணி என்னைப் பிடித்து நிறுத்தி, திரும்பி உள்ளே ஏறினாள். நானும் பின்னாலேயே ஏறினேன்.

"எந்த மாடி?" என்றாள் புதிய பெண், பாடம் ஒப்பிக்கிற குரலில்.

"நாலு" என்றாள் அண்ணி.

கதவு திறந்தது. பாதி நீல பெஞ்சு. அண்ணி இறங்கினாள். பெஞ்சின் மறு பாதியில் ஒரு கால் உடைந்து, கீழே செங்கல் முட்டுக் கொடுத்திருந்தார்கள். அதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. மெல்ல நடந்து திருப்பத்தைத் தாண்டினாள். அங்கே வேறொன்றும் இல்லை. ஒரு பெரிய ஜன்னல்தான். அந்த வெளிச்சம் அதிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. கண்ணாடியில் நெற்றியை வைத்துக் கீழே பார்த்தாள். நானும் பார்த்தேன். சாலை, சாலைக்கு அப்பால் ஒரு தகரக் கூரை, அதன் கீழே ஜெராக்ஸ் மெஷின், மெஷின் பக்கத்தில் நான் உட்காரும் ஸ்டூல் காலியாக இருந்தது.

"இங்கேருந்து நீ தெரிஞ்சிருக்க" என்றாள். "இத்தனை வருஷமும்."

"அங்க எனக்கு யாருடி இருக்கான்னு கேட்டீங்க" என்றேன்.

எங்களுக்குப் பின்னால், லிஃப்ட்டில் மணி அடித்தது. அண்ணி ஜன்னலிலிருந்து நகரவில்லை.